பின்னால் வந்தவளின் மணி

சைக்கிள் மணிக்கு எண்ணெய் விடக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. சங்கிலிக்கு விடுகிற கையோடு மணிக்கும் இரண்டு சொட்டு விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அது சளி பிடித்த மாதிரி முனகுகிறது. என் மணி பித்தளை. தினமும் காலையில் உலர்ந்த துணியால் துடைத்து, ஒருமுறை அடித்துப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏறுவேன். பயணத்தின் பதினோராம் நாள் காலையிலும் அப்படித்தான் செய்தேன். ஆகவே மணி சரியாகக் கேட்டிருக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நீங்கள் கொடுத்த தாளில்தான் எழுதுகிறேன், ஐயா. மேசையின் ஒரு கால் குட்டை. ஒரு அட்டையை மடித்து அடியில் வைத்தால் ஆடாது. இத்தனை பேர் வேலை பார்க்கிற காவல் நிலையத்தில் அது ஒருவருக்கும் தோன்றவில்லை. போகட்டும், நான் வந்தது மேசைக்காக இல்லை. உங்கள் அறிக்கையில் ஒரு வாக்கியம் தவறு. 'பின்னால் வந்த மனைவி பதற்றத்தில் மணியை மாற்றி அடித்துவிட்டதால்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். நான் போடவில்லை.

"விடுங்கம்மா, யாருக்கும் கை தவறும்" என்றீர்கள். ஆறுதலாகத்தான் சொன்னீர்கள், தெரியும். என் மகளும் போனில் அதையேதான் சொன்னாள். "அம்மா, நீ என்ன வேணும்னா செஞ்ச? கை தவறிடுச்சு. அதையே நினைச்சு உடம்பைக் கெடுத்துக்காத." சைக்கிள் சங்கத்துச் செயலாளர் வீடு தேடி வந்து, அரை மணி நேரம் தொண்டையைக் கனைத்துவிட்டு, "உங்களுக்குப் பழக்கம் போதாது மேடம், நாங்கதான் சொல்லியிருக்கணும்" என்றார். ஒருவர் பாக்கியில்லாமல் எனக்கு மன்னிப்பு வழங்கிவிட்டார்கள். நான் கேட்கவே இல்லை.

இருபத்தெட்டு வருடமாக நான் ஒரு பெரிய மருத்துவமனையில், மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு உள்ளே நிற்கிறேன். ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே அட்டை; ஒன்று சர்க்கரைக்கு, இன்னொன்று இதயத்துக்கு. மாற்றிக் கொடுத்தால் ஆள் வீடு போய்ச் சேரமாட்டார். ஒரு நாளைக்கு நானூறு சீட்டு. ஒருமுறை கண்ணால் பார்ப்பேன், ஒருமுறை வாய்விட்டுப் படிப்பேன், அப்புறம்தான் கை அட்டையைத் தொடும். இன்றுவரை ஒன்றுகூட மாறியதில்லை. மேலதிகாரியைக் கேளுங்கள். அவருக்கு என்னைப் பிடிக்காது, ஆனாலும் இதை ஒப்புக்கொள்வார். ஒன்றையும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவள் என்று என்னைப் பற்றி ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்தி, அலமாரியில் வைப்பீர்கள். அதை நான் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமாக்கும்.

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். அந்த வாக்கியத்தை எப்படித் திருத்துவது என்று பிறகு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவராக இருந்தவர். போன வருடம் ஓய்வு பெற்றார். பெற்ற மறுவாரமே சைக்கிள் சங்கத்தில் சேர்ந்தார். அங்கே எல்லோரும் அவரை 'லீடர்' என்று கூப்பிட்டார்கள். எதற்கு லீடர் என்று கேட்காதீர்கள். முன்னால் போவார், அவ்வளவுதான். அதற்கு ஒரு பட்டம்.

முன்னால் போவது அவருக்குக் கல்யாணத்தன்றே கைவந்த கலை. தெருவில் நடந்தால் பத்தடி முன்னால். கடைக்குள் முதலில் அவர். என் அப்பாவை ஆபரேஷனுக்குச் சேர்த்த அன்று, எனக்குப் பழக்கமான என் மருத்துவமனை வராந்தாவில், எனக்கே வழிகாட்டிக்கொண்டு முன்னால் போனார், அதுவும் தப்பான பக்கம். இருபத்தாறு வருடத்தில் அவர் முகத்தைவிட அவருடைய பின்னந்தலைதான் எனக்கு அத்துப்படி. இரண்டு சுழி. இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். சட்டைக் காலரில் எப்போதும் ஒரு மடிப்புக் கலைந்திருக்கும். ஒருமுறை, ஒரே ஒருமுறை, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்திருந்தால் நான் இன்றைக்கு இந்த ஆடுகிற மேசையில் உட்கார்ந்திருக்கமாட்டேன்.

கல்யாணம் ஆகி இருபத்தாறாவது வருடத்துக்கு ஒரு பயணம் போகலாம் என்றார். கடற்கரையில் ஒரு நாற்காலி போட்டு நாலு நாள் உட்கார்ந்தால் போதும் என்றேன். அவர் பன்னிரண்டு நாள், எழுநூறு கிலோமீட்டர், கிராமப்புறமாகவே சைக்கிளில் என்று முடிவு செய்து வைத்திருந்தார். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு அட்டவணை: ஒன்பது நாற்பதுக்கு ஓய்வு, பதினொன்றுக்கு இருநூறு மில்லி தண்ணீர், பன்னிரண்டே காலுக்கு நிழல். நிழலுக்குக்கூட நேரம் குறித்த மனுஷர்.

அந்த அட்டவணையில் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. அவருக்கு வலது காது கேட்காது. ஆறு வருடமாயிற்று. எனக்கு மட்டும்தான் தெரியும். சங்கத்தில் தெரிந்தால் லீடர் பட்டம் என்னாவது? விருந்துகளில் நான்தான் வலது பக்கம் நின்று, அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்ட கேள்வியை அவருடைய இடது காதுக்கு எட்டும்படி சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்லுவேன். வீட்டிலும் சமையலறை அவருடைய நாற்காலிக்கு வலது பக்கம். என் பேச்செல்லாம் அந்தக் காதுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

சைக்கிளில் போனால் பின்னால் வருகிற வண்டியெல்லாம் வலது பக்கமாகத்தான் முந்தும். திரும்பிப் பார்க்கலாம் என்றால், அவர் தலையைத் திருப்பினால் சைக்கிளும் கூடவே திரும்பிவிடும். சங்கத்தில் சேர்ந்த முதல் மாதம் அப்படித் திரும்பி ஒரு வேலிக்குள் போய் விழுந்தார். அதனால் எனக்கு ஒரு பித்தளை மணி வாங்கிக் கொடுத்து, பாடம் நடத்தினார்.

"ஒண்ணு அடிச்சா பின்னாடி வண்டி வருது, நான் ஓரம் போயிடுவேன். ரெண்டு அடிச்சா ரோடு காலி, வலது பக்கம் திரும்பலாம். மூணு அடிச்சா நிக்கணும். புரிஞ்சுதா? திருப்பிச் சொல்லு."

நானூறு சீட்டு படிக்கிறவளிடம் ஒன்று, இரண்டு, மூன்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் முன்னால், நான் பின்னால், நடுவில் இரண்டு கஜம். கிளம்பினோம்.

முதல் மூன்று நாள் நான் பார்த்ததெல்லாம் தூரத்தில் ஒரு மஞ்சள் சட்டை. அந்த இரண்டு கஜம் எந்த மேட்டிலும் நிலைக்கவில்லை. ஏறி முடித்து நான் போய்ச் சேரும்போது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மூன்றாம் நாள் ஜல்லி கொட்டியிருந்த ஒரு சரிவில் வழுக்கி விழுந்தேன். முழங்காலில் நல்ல அடி. ரோட்டோரம் உட்கார்ந்து நானே கழுவி, நானே கட்டுப் போட்டுக்கொண்டு, முக்கால் மணி நேரம் கழித்து ஊருக்குள் போனால், அவர் ஒரு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் முழங்காலைப் பார்த்தார்.

"ஏன் மணியடிக்கல?"

"கேக்குற தூரத்துல நீங்க இல்லங்க."

மன்னிப்பு என்று ஒன்று அவர் அகராதியில் கிடையாது. ராத்திரி சாப்பாட்டைக்கூட அரைகுறையாகத்தான் சாப்பிட்டார். அட்டவணை கெட்டுப்போன வருத்தம் என்று நினைத்தேன்.

மறுநாள் வழியில் ஒரு சைக்கிள் கடையில் நிறுத்தினார். என் முழங்காலுக்குப் பட்டை ஏதாவது வாங்குவார் என்று பார்த்தால், வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி வாங்கினார். கைப்பிடியின் இடது நுனியில் மாட்டுவது. கடைக்காரர் மாட்டிக் கொடுத்ததில் திருப்தியில்லை. ஸ்பேனரைத் தானே வாங்கி, சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, குனிந்து நிமிர்ந்து, பத்து நிமிடம். நான் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வெயிலில் நின்றேன். கடைசியில் மீசையைத் தடவிக்கொண்டு, "ம், இப்ப சரி" என்றார். ஐம்பத்தொன்பது வயதில் மனுஷருக்கு வழியெல்லாம் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. நான் என்ன சொல்ல?

அதற்கப்புறம் ஆள் கொஞ்சம் தளர்ந்துவிட்டார். மேடு வந்தால் முன்னைப்போல் பாய்ந்து ஓடுவதில்லை. எனக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கிற நேரம் பார்த்து அவருக்கும் வாங்கிவிடும் போலிருக்கிறது, வேகத்தைக் குறைத்துவிடுவார். ஏழாம் நாள் என் தலைத்துணி காற்றில் பறந்து பள்ளத்தில் விழுந்தது. நான் இறங்கி எடுக்கும்வரை அவர் அங்கேயே நின்று செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தார். இன்னொரு நாள் எனக்குக் கால் பிடித்துக்கொண்ட இடத்தில், எருமை மாடு நாலு நிற்பதைப் போட்டோ எடுக்கிறேன் என்று கால் மணி நேரம் நின்றார். எருமை மாட்டைப் போட்டோ எடுக்க எழுநூறு கிலோமீட்டர் வந்திருக்கிறார். வயது காட்டிக்கொடுக்கிறது, ஆனால் வாய் ஒப்புக்கொள்ளாது. எனக்கு உள்ளூரச் சிரிப்பாக இருந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் தங்கிய விடுதியில் இன்னொரு ஜோடி இருந்தது. ஒரு பல் மருத்துவரும் அவர் மனைவியும். அவர்களும் சைக்கிள் பைத்தியம். ஒரே மேசையில் சாப்பிட்டோம். நான் வழக்கம்போல் இவருடைய வலது பக்கம். இவர் மணிக் கதையை ஆரம்பித்தார். ஒன்றுக்கு இது, இரண்டுக்கு அது என்று என்னவோ ராக்கெட் விட்ட மாதிரி தம்பட்டம்.

பல் மருத்துவரின் மனைவி கேட்டார். "வண்டில கண்ணாடி இருக்கே. அப்புறம் மணி எதுக்குங்க?"

நான் எட்டி இவருடைய இடது காதில் அதைத் திருப்பிச் சொன்னேன். இவர் மீசையைத் தடவினார். "கண்ணாடி வேற விஷயத்துக்குங்க. ரோட்டை இவ பாத்துக்குவா. இவ ரெண்டு அடிச்சா நான் கண்ணை மூடிக்கிட்டுத் திரும்புவேன். இவதான் என் மணி."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த விடுதிக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. படித்தவள், ஒரு நாளைக்கு நானூறு பேர் உயிர் என் கை வழியாகப் போகிறது. அப்படிப்பட்டவள் அந்த மேசையில் ஒரு பித்தளைச் சாமான். அதுவும் அவருடைய சாமான்.

கோபம் வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. கோபம் வந்திருந்தால் அறைக்குப் போய் இரண்டு வார்த்தை சண்டை போட்டு, அழுது, தூங்கியிருப்பேன். எனக்கு வந்தது ஒரு தெளிவு. இந்த மனுஷரின் உயிர் ஒன்பது நாளாக என் கட்டைவிரலில் இருக்கிறது, அது அவருக்கு ஒரு சிரிப்புக் கதை, எனக்கு ஒரு நன்றிகூட இல்லை. அதைத்தான் நினைத்தேன். பத்தாம் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு மிதித்தேன். அன்றைக்குப் பதினான்கு இடத்தில் மணியடித்தேன். பதினான்கும் சரி.

பதினோராம் நாள் அந்த இடம் உங்களுக்குத் தெரியும், அளந்து பார்த்திருக்கிறீர்கள். நீண்ட இறக்கம். எதிர்க்காற்று. அடிவாரத்தில் வலது பக்கம் ஏரிக்கரை விடுதிக்குப் போகிற மண்பாதை, நீல நிறத்தில் ஒரு பலகை. அட்டவணைப்படி பத்து நாற்பது. அவர் வலது கையை நீட்டினார். மணிக்காகக் காத்திருந்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். நான் தலையைத் திருப்பினால் சைக்கிள் திரும்பாது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பால் ஏற்றுகிற டாங்கர் ஒன்று. வெள்ளி நிறத்தில் வெயிலில் மின்னிக்கொண்டு, இறக்கத்தில் தன் பாரத்திலேயே உருண்டு வந்துகொண்டிருந்தது. சத்தம் அதிகமில்லை. எவ்வளவு தூரம், என்ன வேகம், எல்லாம் பார்த்தேன். ஒருமுறை கண்ணால் பார்த்தேன். ஒருமுறை வாய்விட்டும் சொன்னேன். 'டாங்கர் வருது' என்று மெதுவாகச் சொன்னேன், அவருடைய வலது காதுக்கு. அப்புறம் மணியடித்தேன்.

இரண்டு முறை. நடுவில் சரியான இடைவெளி விட்டு, தெளிவாக.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். முகம் பார்த்துக்கொள்ளாமல் அவரால் ஒரு திருப்பம் திரும்ப முடியாது. பிறகு தலையை லேசாக ஆட்டிவிட்டுத் திரும்பினார். டாங்கர் மோதியது, அந்த இடத்திலேயே அவர் உயிர் போனது, மற்றதெல்லாம் உங்கள் அறிக்கையில் இருக்கிறது, அதில் பிழையில்லை. டாங்கர் ஓட்டுநர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவரை இத்தனை தடவை அலைய விடுவது அநியாயம். பாவம், ரோட்டோரமே உட்கார்ந்துவிட்டார். நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். பதினொரு மணிக்குக் குடிக்க வேண்டிய இருநூறு மில்லி அப்படியே இருந்தது.

இதில் பதற்றம் எங்கே இருக்கிறது, ஐயா? கை தவறியது எங்கே? எடுத்துவிடுங்கள். 'நன்கு தெரிந்தே இரண்டு முறை அடித்தார்' என்று போடுங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனை என்பது உங்கள் கவலை. வேலையில் தவறினேன் என்று மட்டும் ஒருவரும் சொல்லக் கூடாது.

இவ்வளவோடு முடித்திருப்பேன். கண்ணாடி விஷயத்தையும் எழுதச் சொன்னீர்கள். அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. சொன்னதால் எழுதுகிறேன்.

சற்று முன்பு, இந்தத் தாளைக் கொடுப்பதற்கு முன்னால், என்னைப் பின்புற முற்றத்துக்குக் கூட்டிப்போனீர்கள். அங்கே அவருடைய சைக்கிள் நின்றது. வலது பக்கம் முழுக்க நசுங்கிக் கிடக்க, இடது பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடியும் அப்படியே. நீங்கள் வரவழைத்திருந்த மெக்கானிக் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"நட்டை நல்லா முறுக்கியிருக்காரு சார். விழுந்தும் இம்மி அசையல. அவரு எப்படி வெச்சாரோ அப்படியே இருக்கு."

உங்களுக்குச் சந்தேகம், இந்தக் கண்ணாடியில் டாங்கர் தெரிந்திருக்காதா, தெரிந்தும் ஏன் திரும்பினார் என்று. அதனால் மெக்கானிக்கைச் சீட்டில் உட்காரச் சொன்னீர்கள். இரண்டு காவலர்கள் வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். என்னை, நான் வழக்கமாக வருகிற தூரத்தில், இரண்டு கஜம் பின்னால் நிற்கச் சொன்னீர்கள். நின்றேன். மெக்கானிக் கண்ணாடிக்குள் பார்த்தார். தலையை அப்படி இப்படிச் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல ரோடு தெரியாது சார். வண்டி வந்தாலும் தெரியாது. தன் மூஞ்சியும் தெரியாது. இவங்க மட்டுந்தான் தெரியறாங்க. முகம், ஹேண்டில், அவ்வளவுதான்."

நீங்களும் ஏறி உட்கார்ந்து பார்த்தீர்கள். கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டீர்கள். அப்புறம், "மணியடிக்கும்போது உங்க முகம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டீர்கள்.

என்ன கேள்வி இது. முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. மருந்து கொடுக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி. அந்தக் காவலர்களில் ஒருவர் ஏன் தலையைக் குனிந்துகொண்டார் என்றும் தெரியவில்லை. இதில் அப்படி என்ன இருக்கிறது? சைக்கிளுக்குக் கண்ணாடி மாட்டுவது ரோட்டைப் பார்க்க. ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். பத்து நிமிடம் என்னை வெயிலில் நிற்கவைத்து, ஸ்பேனர் வைத்து முறுக்கு முறுக்கென்று முறுக்கி, கடைசியில் டாங்கர் வருவதுகூடத் தெரியாத மாதிரி வைத்திருக்கிறார்.

இருபத்தாறு வருடமாக நான் சொல்லிவருவதை இப்போது உங்கள் மெக்கானிக்கும் சொல்லிவிட்டார். ஒரு கண்ணாடியைக்கூட ஒழுங்காக மாட்டத் தெரியாத மனுஷர்.